வகை எண் நிலுவை

மார்ச் இருபத்தெட்டு.
மூன்று நாளில் நாலே கால் லட்சம் கரைய வேண்டும்.
கரையாவிட்டால் பணம் திரும்பிப் போகும்,
அடுத்த வருஷம் கை நீட்டினால்
"போன தடவையே மிச்சம் வைத்தீர்களே" என்பார்கள்.
மூன்று கொட்டேஷன் வந்திருந்தது.
மூன்றிலும் ஒரே ஆளின் ஏழு,
நடுவில் கோடு போட்ட ஏழு.
பார்த்தேன். கையெழுத்திட்டேன்.

அறுநூற்றுப் பதினெட்டுப் புத்தகங்களை
சேலத்து வேன் இறக்கிவிட்டுப் போனது.
ஜன்னலில் கிருஷ்ணகிரி மலை
வெயிலில் காய்ந்துகொண்டு கிடந்தது,
யாரும் பதிவேட்டில் ஏற்றச் சொல்லாத
ஒரே பெரிய பொருள்.

நாகவேணிக்கு ஒரு மெமோ தயார்.
பிப்ரவரியில் மட்டும் பதினோரு நாள் தாமதம்.
வேப்பனப்பள்ளி பஸ் நேரத்துக்கு வராது என்பது
எனக்கும் தெரியும், பதிவாளருக்கும் தெரியும்.
வருகைப் பதிவேட்டுக்குத் தெரியாது.
தொகுப்பூதியக்காரி.
ஒரு நாளில் நாற்பது தலைப்பு போடுவாள்,
பிழை ஒன்றோ இரண்டோ.
"தங்கள் விளக்கத்தை மூன்று தினங்களுக்குள்"
என்பது வரை அடித்து
இழுப்பறையில் வைத்திருந்தேன்.

ஏழாவது பெட்டியைப் பிரித்த தஸ்தகீர்
"மேடம், ஜிலேபி எழுத்து" என்றார்.
பதினான்கு.
பட்டியலைத் தேடினால் கடைசி வரி:
பிராந்திய மொழி, 14 பிரதிகள்.
கீழே என் கையெழுத்து, என் தேதி.
திருப்பலாம் என்றால்
வேன் இந்நேரம் தொப்பூர் கணவாய் இறங்கியிருக்கும்.

"தெலுங்கு உனக்குத் தெரியுமில்ல?"
"வீட்ல அதான் மேடம் பேசுவோம்.
எழுத்து வராது. படிச்சது தமிழ் ஸ்கூல்."

தஸ்தகீர் தொண்டையைச் செருமினார்.
வீட்டில் உருது பேசுகிறவர்.
இந்த வேலைக்கு வருமுன் ஒன்பது வருஷம்
குப்பம், சித்தூர் லாரியில் கிளீனர்.
ஊர்ப் பலகையைப் பார்த்துப் பார்த்துப் பிடிபட்டதாம்.
"வாசிப்பேன். என்னான்னு தெரியாது."

அப்படித்தான் ஆரம்பித்தது.
அவர் விரல் வைத்துக் கூட்டினார்:
கொர்... ரெ... லு...
அவள் கண்ணை மூடிக்கொண்டு
"ஆடு மேடம், செம்மறி" என்றாள்.
நான் 636.3 என்றேன்.
பட்டு... பு... ரு... கு...
"புழு! பட்டுப்புழு!"
638.2.
ஒரு புத்தகத்துக்குப் பத்து நிமிஷம்.
படிக்கிறவருக்குப் புரியவில்லை,
புரிகிறவளுக்குப் படிக்க வரவில்லை,
எனக்கு இரண்டும் இல்லை, எண் மட்டும் இருந்தது.
இடையில் கரண்ட் போனது.
டார்ச் வெளிச்சத்தில் அவர் நிறுத்தவில்லை,
லாரிக்காரர், இருட்டில் வாசித்துப் பழகியவர்.

திரையில் "தயாரித்தவர்" என்றொரு கட்டம்.
ஒரு பெயருக்குத்தான் இடம்.
"அண்ணன் பேரப் போடுங்க மேடம்."
அட்டெண்டருக்கு லாகின் கிடையாது.
சொன்னேன்.
அவர் அடுத்த புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார்.

பதினான்காவது மெலிசு.
அட்டையில் படம் இல்லை.
நான்கு வரி வாசித்திருப்பார்,
நாகவேணி சிரித்தாள்,
இந்தப் பிரிவில் கேட்காத சிரிப்பு.
பிறகு சிரிப்பு நின்றது.
"இன்னொரு தடவ படிங்கண்ணா."
படித்தார், இம்முறை இன்னும் மெதுவாக,
எங்கே உடையுமோ என்று பயந்தவர் போல.
"என்ன விஷயம்?" என்றேன், பென்சிலோடு.
"தெரியல மேடம்.
எங்க வீட்டுக்குள்ள சொல்ற பேச்சு.
இது எப்படி அச்சுல வந்துச்சு?"
அதற்கு மேல் சொல்லவில்லை.
ஐந்தே முக்காலுக்குப் பஸ், பையை எடுத்தாள்.

முப்பத்தொன்றாம் தேதி பணம் கரைந்தது.
அறுநூற்றுப் பதினேழு முதுகில் சீட்டு ஒட்டியாயிற்று.
மெமோ இழுப்பறையில்தான் இருக்கிறது,
கிழிக்கவில்லை, தணிக்கை வரும்.
நேற்றும் அவள் இருபது நிமிஷம் தாமதம்.

அந்த ஒன்று என் மேஜையில்.
மதியம் டிபன் டப்பாவை மூடிவிட்டு
தஸ்தகீர் இரண்டு பக்கம் வாசிக்கிறார்,
அவள் சுவரோரம் நின்று கேட்கிறாள்.
வகை எண் கேட்டால்
"இன்னும் முடியல மேடம்" என்கிறாள்.